எட்டுக் காம்பராவுக்கும் ஒரே சோபா

அப்புத்தளைக்குக் கீழே, பண்டாரவளைக்குப் போகும் பாதையிலிருந்து இடப்பக்கமாக ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்கு என்று சொல்லும் மலைப் பிரிவில் புஷ்பராணியைத் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை. அவளைத் தெரியாதவர்கள் இருந்தாலும் அவளுடைய சோபாவைத் தெரிந்திருப்பார்கள். சிவப்பு ரெக்சின் போட்டு, கைப்பிடியில் மாங்காய் வடிவம் செதுக்கிய சோபா. மூன்று பேர் தாராளமாகவும், சம்பந்தி வீட்டார் என்றால் ஐந்து பேர் நெருக்கியும் அதில் உட்காரலாம்.

அதை அவள் வாங்கிய கதையே தனி. வாரநாளில் பறிக்கும் கொழுந்து தோட்டக் கணக்கில் போகும். ஞாயிற்றுக்கிழமை பறித்தால் அன்றைக்கே கையில் காசு. அந்தக் கைக்காசை இரண்டு வருடம் தொடாமல் சேர்த்து, பண்டாரவளையில் பலீல் ஹாஜியாரின் தளபாடக் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் பேரம் பேசினாள். ஹாஜியார் நல்ல மனுஷன். அவள் காலில் இருந்த தேய்ந்த செருப்பைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் மாதா மாதம் கட்டலாம் என்று சொல்லிவிட்டார். புஷ்பராணிக்கு முகம் சிவந்துவிட்டது. சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து மேசையில் வைத்தவள், அவர் எண்ணி முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். தவணைக்கு ஒரு கரண்டிகூட வாங்காதவள் அவள். அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷம் உண்டு.

அவள் இருக்கும் லயத்தில் எட்டுக் காம்பராக்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் குடும்பங்கள். முன்னால் பொது வாசல், பின்னால் கழிவுத் தண்ணீர் ஓடும் கான். நாலாவது காம்பரா அவளுடையது. சோபா அங்கேதான் இருக்கிறது என்றாலும் அங்கே இருந்த நாட்களைவிட வெளியே போன நாட்களே அதிகம். ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தால் சோபா அந்த வீட்டுக்குப் போகும். சடங்கு என்றால் போகும். டவுனிலிருந்து மாப்பிள்ளை முதன்முதலாக விருந்துக்கு வந்தால் போகும். வந்தவர்கள் அது அந்த வீட்டுச் சோபா என்று நினைத்துக்கொள்வார்கள், ஒருவரும் திருத்தமாட்டார்கள். ஆறாவது காம்பராவின் டிவியும், ஏழாவது காம்பராவில் இருக்கும் ரமேஸ் வாத்தியாரின் கேஸ் அடுப்பும் சில நேரம் கூடவே போகும். இரவல் என்ற சொல்லை அந்த லயத்தில் யாரும் வாயால் சொன்னதில்லை.

இதற்கிடையில் நாட்டுக்குக் கஷ்டகாலம் வந்தது. கொழும்பில் யாரோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அது மலையேறி லயத்துக்கு வந்து சேர ஒரு வாரம்கூட ஆவதில்லை என்பதைப் புஷ்பராணி அப்போதுதான் கண்டாள். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதற்குத் தோட்டத்தில் வெடி கொளுத்தினார்கள். வெடி வாசம் போவதற்குள் கோதுமை மாவு விலை ஏறி, மண்ணெண்ணெய் விலை ஏறி, கரண்ட் பில்லைக் கையில் எடுத்தாலே ஷொக் அடிக்கும் நிலைமை வந்துவிட்டது. ரொட்டி சுட்ட வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு வெந்தது. பால்மா வாங்குவதை எல்லோரும் சேர்ந்து மறந்தார்கள். ஒருநாள் ஒரு வேனில் நிவாரணப் பை கொண்டுவந்தவர்கள், வாங்குகிறவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். படம் எடுக்காமல் தந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று புஷ்பராணி மரியாதையாகத்தான் சொன்னாள். அவர்கள் அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். வெறுங்கையோடு வந்தவளைப் புருஷன் கந்தப்பன் அன்றிரவு முழுக்க ஏசினான். அவளும் திருப்பி ஏசினாள், ஆனாலும் பசிதான் அன்றைக்கு ஜெயித்தது.

பிறகு, 2023இல், அரசாங்கம் அஸ்வெசும என்று புதிதாக ஒரு உதவிப் பணம் தரப்போவதாக அறிவித்தது. வீடு வீடாக வந்து நிலைமையைப் பதிந்து, புள்ளி போட்டு, கஷ்டப்பட்ட குடும்பத்துக்கு மாதம் எட்டாயிரத்து ஐந்நூறு, ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பத்துக்குப் பதினைந்தாயிரம், நேராக வங்கிக்கே வரும். விலையைக் கூட்டியவர்களே உதவியும் தருகிறார்களாம் என்று கந்தப்பன் சிரித்தான். ஆனாலும் எட்டு வீட்டிலும் விண்ணப்பம் போட்டார்கள்.

கணக்கெடுக்க சுரேஸ் என்ற பையன் பண்டாரவளையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். இங்கேதான் லயம் முழுக்கச் சேர்ந்து அந்தப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தது. அரசாங்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார். காற்சட்டையை இஸ்திரி போட்டு, கையில் விவரம் பதியும் டெப் வைத்துக்கொண்டு வருகிறார். அவரை எதில் உட்கார வைப்பது? எதற்காக வருகிறார் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. வருகிறார் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. புஷ்பராணி சனிக்கிழமையே திட்டம் போட்டுவிட்டாள். ஒன்றாம் காம்பராவில் சோபாவும் டிவியும் கேஸ் அடுப்பும் தயாராக இருந்தன. பையன் அங்கே கேள்விகளை முடித்து, முன்வாசலில் நின்று தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில், பின்கதவு வழியாகக் கந்தப்பனும் ரமேஸ் வாத்தியாரும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கான் ஓரமாக இரண்டாம் காம்பராவுக்கு ஓடினார்கள். அங்கே முடிந்ததும் மூன்றாம் காம்பராவுக்கு. இப்படியே எட்டு வரைக்கும்.

இது உங்களுடையதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பையன் கேட்டான். ஒவ்வொரு வீட்டிலும் ஆமாங்க என்றார்கள். இரவல் என்று எப்படிச் சொல்வது? ஐந்தாம் காம்பராவில் அவனுக்கே சந்தேகம் வந்து, எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிச் சோபா இருக்கிறதே என்றான். புஷ்பராணி கொஞ்சமும் அசரவில்லை. தோட்டத்துக்கு ஒரு லொறி வந்ததாகவும், எல்லோரும் தவணைக்கு எடுத்ததாகவும் சொன்னாள். பையன் தலையை ஆட்டிப் பதிந்துகொண்டான். அவன் போன பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்த கந்தப்பனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. லயமே விழுந்து விழுந்து சிரித்தது. மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று புஷ்பராணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சில மாதம் கழித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். கீழ்கணக்கில் பாதிப் பேருக்குமேல் இருந்தார்கள். இந்த லயத்தில் எட்டு வீட்டில் ஒரு வீட்டின் பெயர்கூட இல்லை.

மற்றவர்கள் விதியை நொந்துகொண்டு கூடையைத் தூக்கினார்கள். இரண்டாம் காம்பரா கருப்பம்மா மட்டும் அந்தச் சுவரைப் பார்த்தபடியே நின்றாள். அவளுடைய புருஷன் மரக்கிளை வெட்டப் போய் விழுந்து இடுப்பு ஒடிந்து, இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தான். மகள் துஷாந்தினி படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உழைப்பது கருப்பம்மாவின் இரண்டு கைதான். இந்தப் பணம் வராவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று அவள் முடிவு செய்திருந்தாள். ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போர்ட்டையும் கொடுத்திருந்தாள். போனால் படுக்கையில் இருக்கிறவனை மகள்தான் பார்க்க வேண்டும். மகளைப் பார்க்க யாரும் இல்லை. கிராம சேவகரிடம் போய்க் கேட்டபோது, பதிவில் சோபா, டிவி, கேஸ் அடுப்பு என்று எல்லாம் இருக்கிறது, வசதியான வீடு மாதிரித்தான் தெரிகிறது என்றாராம். கருப்பம்மா இதைப் புஷ்பராணியிடம் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் புஷ்பராணியைச் சுட்டது.

அன்றைக்கு மலையில் அவள் கொழுந்தையும் முற்றின இலையையும் சேர்த்துப் பறித்துக் கங்காணியிடம் பேச்சு வாங்கினாள். இருபத்தெட்டு வருடத்தில் அப்படி அவள் வாங்கியதே இல்லை. கருப்பம்மா கப்பல் ஏறினாலும் சரி, பிளேன் ஏறினாலும் சரி, ஏற்றிவிட்டது தன்னுடைய சோபாதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் ரமேஸ் வாத்தியாரைப் பிடித்து உட்காரவைத்து எட்டு வீட்டுக்கும் மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பினாள். ஒருநாள் சம்பளத்துக்கான பெயரை விட்டுவிட்டு, அந்த எட்டையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் பஸ் ஏறினாள்.

காலையிலேயே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மதியத்துக்குப் பிறகுதான் அவளுடைய முறை வந்தது. மேசைக்குப் பின்னால் றஷீனா என்ற உத்தியோகத்தர் இருந்தார். பதுளைப் பக்கத்து முஸ்லிம் பெண், முக்காடு போட்ட சின்ன வயசுக்காரி. எட்டுப் படிவத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, எட்டு வீட்டிலும் ஒரே பொருட்கள் பதிந்திருக்கின்றனவே, இப்போது பல வீட்டில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விற்றுவிட்டீர்களா என்று கேட்டார். பின்னால் ஐம்பது அறுபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நிவாரணப் பைக்காகக்கூடப் படத்துக்கு நிற்காதவள் அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னாள்:

“எட்டு வீட்டுக்கும் சேத்து ஒரு சோபாதாங்க மிஸ். அது என்னோடது. அந்தத் தம்பி வந்தப்போ நான்தான் வீடு வீடாத் தூக்கிட்டுப் போய்ப் போட வெச்சேன்.”

வரிசை சிரித்தது. ஒருவன் பின்னாலிருந்து, எங்க வீட்டுக்கும் அனுப்புங்க அக்கா என்று கத்தினான். புஷ்பராணி திரும்பவில்லை. சொல்ல வேண்டியது இன்னும் மிச்சம் இருந்தது.

“டிவியும் கேஸ் அடுப்பும்கூட அப்படித்தாங்க, ஆறாம் வீட்டோடதும் ஏழாம் வீட்டோடதும். மத்த வீடுகள்ல ஒண்ணும் இல்லீங்க. நெசமா ஒண்ணும் இல்லீங்க.”

அதைச் சொல்லி முடித்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகை வந்தது ஏழ்மைக்காக இல்லை, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிவந்ததற்காக. றஷீனா சிரிக்கவில்லை. புள்ளி என்பது சோபாவை மட்டும் பார்த்துப் போடுவதில்லை என்றும், தானே நேரில் வந்து எட்டு வீட்டையும் பார்த்துப் பதிவதாகவும் சொல்லி, அடுத்த மாதம் ஒரு தேதி கொடுத்தார்.

அந்தத் தேதிக்கு முந்தின நாள் புஷ்பராணி லயத்தில் வீடு வீடாகப் போய் உத்தரவு போட்டாள். ஒரு கோப்பைகூட வீடு மாறக்கூடாது. யார் வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் இருக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படியும் இருட்டும் நேரத்தில் கருப்பம்மா ஆறாம் காம்பராவிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கதிரையைச் சீலைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். கதிரையைச் சீலைக்குள் மறைக்க முடியுமா? புஷ்பராணி கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

“வர்றவங்கள எங்கக்கா ஒக்கார வெப்பேன்?” என்று கருப்பம்மா கேட்டாள். “எங்க வீட்டுல ஒரு முக்காலிகூட இல்லயே.”

அதே கேள்வி புஷ்பராணிக்குள்ளும் இருந்தது. வருகிறவர் நின்றுகொண்டே எழுதிவிட்டுப் போனால் லயத்துக்கு அது என்ன பெயர்? கதிரைகளைத் திருப்பிக் கொடுக்க வைத்தாள். வீட்டுக்குப் போனதும் சோபாதான் கண்ணில் பட்டது. பிறகு, கோயில் திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்தாள். கந்தப்பன் கண் முன்னாலேயே சோபாவைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில், எட்டாம் வகுப்போடு நின்றுபோன தன்னுடைய கோணல் எழுத்தில், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரத்துக்கு எழுதினாள். புஷ்பராணி, 4ஆம் காம்பரா. காசு போட்டு வாங்கின சாமானைப் பாழாக்குகிறாளே என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் இரண்டாவது தடவையும் மேலே பூசினாள்.

விடிந்ததும் சோபாவைப் பொது வாசலில், எட்டு வீட்டுக்கும் நடுவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். றஷீனா மிஸ் படியேறி வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த எழுத்துதான். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சுற்றிவந்து அதில் உட்கார்ந்து, எட்டு வீட்டிலிருந்தும் வந்த தேத்தண்ணீரில் இரண்டைக் குடித்து, ஆறை நன்றி சொல்லித் திருப்பினார். பிறகு, கணக்கெடுக்க வந்தபோது ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அதட்டலாக இல்லை, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

“வீட்டுக்கு வர்றவங்கள நிக்க வெச்சுப் பழக்கம் இல்லீங்க மிஸ்” என்றாள் புஷ்பராணி.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு காம்பராவாக நுழைந்து பார்த்தார். இரண்டாம் காம்பராவில் அதிக நேரம் இருந்தார். புகைபிடித்த சுவர், ஒழுகும் தகரத்துக்குக் கீழே வைத்த சட்டி, பாயில் கிடந்த மனிதன் என்று எல்லாம் இருந்தபடியே இருந்தன. கருப்பம்மா கதவோரம் தலையைக் குனிந்து நின்றாள். புஷ்பராணி உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். அந்த வீட்டின் வெறுமையைத் தான் பார்த்துவிட்டதாகக் கருப்பம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள். முப்பது வருடம் பக்கத்தில் இருக்கிறவள் பார்க்காத வெறுமையா?

நாலாம் காம்பராவுக்கு வந்தபோது, சோபா இருந்த இடம் மட்டும் சிமெந்துத் தரையில் நிறம் மங்காமல் தெரிந்தது. புஷ்பராணியின் வீட்டுக்கும் அந்தப் பணம் தேவைதான். மூத்தவன் கொழும்புக் கடையில் வேலை செய்து அனுப்பும் காசும், இருவரின் சம்பளமும் சேர்ந்து மாதக் கடைசியை எப்படியோ எட்டிப்பிடிக்கும். அதற்குமேல் ஒன்றும் இல்லை. கந்தப்பன் அவள் காதருகே வந்து, சோபாவைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிடு, எழுத்தை அப்புறம் அழித்துவிடலாம் என்று குசுகுசுத்தான். ஒரு நொடி அவளுக்கும் ஆசை வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

“எழுதிக்குங்க மிஸ்” என்றாள். “வெளிய இருக்கிறது என்னோடதுதான். கையில காசு குடுத்து வாங்குனது.”

மூன்று மாதம் கழித்து மடுவத்தில் புதிய பட்டியல் ஒட்டினார்கள். லயத்தில் ஆறு வீட்டுக்குக் கிடைத்திருந்தது. கருப்பம்மாவுக்குப் பதினைந்தாயிரம். ரமேஸ் வாத்தியாரின் பெயர் இல்லை; அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. புஷ்பராணியின் பெயரும் இல்லை. அவள் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருதடவையும், கீழிருந்து மேலாக ஒருதடவையும் படித்தாள். சோபா மட்டும் காரணம் இல்லை, இரண்டு சம்பளமும் மகனின் காசும் உள்ள வீடு என்று றஷீனா மிஸ் முன்னமே விளக்கியிருந்தார். நியாயம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கருப்பம்மா பண்டாரவளைக்குப் போய், ஏஜென்சிக்காரனோடு மல்லுக்கட்டிப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். நேரே நாலாம் காம்பராவுக்கு வந்து, அதைப் புஷ்பராணியின் கையில் கொடுத்தாள். வைத்துக்கொள் என்று கொடுத்தாளா, பார் என்று கொடுத்தாளா, இருவருக்கும் தெரியாது. அது இன்றைக்கும் புஷ்பராணியின் அலுமாரியில், ரேஷன் அட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. அன்றைக்குத்தான் அவளுடைய வயிற்றெரிச்சல் அடங்கியது.

சோபாவின் எழுத்து மட்டும் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், சுரண்டினார்கள், ரெக்சின்தான் உரிந்தது. அதோடேயே அது வீடு வீடாகப் போய்வந்தது. சுவரோடு சேர்த்துப் போட்டால் முதுகு தெரியாது என்று எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

இந்தத் தை மாதம் துஷாந்தினியைப் பெண் பார்க்க ஹாலிஎலவிலிருந்து வந்தார்கள். படிப்பை முடித்து, பாலர் பாடசாலையில் டீச்சராக இருக்கிறாள். புஷ்பராணி காலையிலேயே இரண்டாம் காம்பராவுக்குப் போய்ச் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, குசினியில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தாள். திரும்பி எட்டிப் பார்த்தபோது கருப்பம்மா சோபாவைச் சுவரிலிருந்து இழுத்து, கதவைத் தாண்டி உள்ளே வருகிறவர்களுக்கு முதுகு தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தாள். என்ன பைத்தியக்காரி இவள் என்று புஷ்பராணி பதறினாள். அதற்குள் வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்தப் பெரிய எழுத்துகளை வாய்விட்டுப் படித்தார். யார் இந்தப் புஷ்பராணி என்று கேட்டார். குசினியில் சீனிக் கரண்டியோடு நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். இரவல் என்ற சொல்லைத் தலைமுறையாக யாரும் சொல்லாத லயத்தில், கருப்பம்மா தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

“சோபா எங்களோடது இல்லீங்க. எங்க வீட்டுல ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. அரசாங்கத்துக்கிட்டப் போய் அதச் சொல்லி எங்களுக்குக் காசு வாங்கிக் குடுத்துட்டு, தனக்கு இல்லாமப் போனவங்க பேருங்க அது. உள்ளதான் தேத்தண்ணி ஊத்துறாங்க. கூப்பிடவா?”

மாப்பிள்ளையின் அம்மா குசினிப் பக்கம் வந்து, உள்ளே எட்டிப் பார்த்துக் கைகூப்பினாள். புஷ்பராணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் கரண்டி இருந்தது, அதையே ஆட்டினாள். அன்றைக்கு அவள் ஊற்றிய தேத்தண்ணீரில் சீனி இரண்டு மடங்கு விழுந்திருந்தது என்று கந்தப்பன் இன்றைக்கும் லயம் முழுக்கச் சொல்லித் திரிகிறான். வந்தவர்கள் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.